இரண்டு ஃபாரமும் ஒத்துப்போன வீடு

அன்புள்ள மல்லிகாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சௌக்கியமாக இல்லை, அதனால் அதை எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதே. போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கி, வாசலிலேயே நின்றபடி பிரித்தேன். உனக்கு ஆராய்ச்சி நிதி கிடைத்துவிட்டது என்ற முதல் வரியைப் படித்ததும் உள்ளே பார்த்து உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நான் இரண்டாவது பக்கத்துக்குப் போய்விட்டேன். அவள் வந்து நின்றபோது நான் கடிதத்தோடு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். இல்லை, மல்லிகாவுக்குப் பரிசு கிடைத்திருக்கிறது என்றேன். அதற்கா இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று திட்டிவிட்டுப் போனாள்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாகப் படித்தேனா என்று நீயே பார். சமூகப் பிரச்சினைகளை மனோதத்துவ வழியில் ஆராய்பவர்களுக்காக, காலமான பேராசிரியை, நம் மேடத்தின் பெயரில் வைத்திருக்கும் நிதி உனக்குக் கிடைத்திருக்கிறது. அவர் சென்னையை விட்டுப் பெங்களூர் போனபோது கொண்டுபோன பழைய காகிதங்களெல்லாம் உங்கள் டிபார்ட்மெண்ட் பீரோவில் இருக்கின்றன. அதில் நான் எழுதிய ஃபாரங்களைக் கண்டுபிடித்திருக்கிறாய். என் கையெழுத்தைப் பார்த்து உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வீடுகளுக்கே திரும்பப் போய், அதே கேள்விகளைக் கேட்டு, இத்தனை வருஷத்தில் ஜனங்கள் இன்னும் எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்று பார்க்கப்போகிறாய். அடுத்த மாதம் நிதி வழங்கும் விழாவில் நீ பேச வேண்டும், அதில் நம் வீட்டைப் பற்றியும் சொல்லப்போகிறாய். நம் வீட்டைப் பற்றி என்ன சொல்லப்போகிறாய் என்பதை நான் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன், அதற்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் சேர வேண்டும்.

மல்லிகா, அந்த ஃபாரங்கள் பொய். ஒன்றிரண்டு அல்ல. கிட்டத்தட்ட எல்லாமே பொய். நான்தான் எழுதினேன்.

நீ அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். எங்கள் அப்பா காலம் வரை ஏர் பிடித்த குடும்பம், நான்தான் முதலில் கம்பெனி சட்டை போட்டவன். லேத்தில் சாமுவேல் என்று ஒருவன் இருந்தான். நசரத்பேட்டை காலனிக்காரன், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன், என்னைவிட அழகாக இங்கிலீஷ் எழுதுவான். மதியச் சங்கு ஊதினால் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். அவன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை நான் பிடுங்கித் தின்பேன். கம்பெனிக்குள் சாதியாவது ஒன்றாவது என்று நான் பெருமையடித்துக்கொள்வேன், யூனியன் கூட்டத்தில் ஒரு தடவை மேடையேறிக்கூடப் பேசியிருக்கிறேன். ஒன்றாக வேலை செய்த இரண்டு வருஷத்தில் அவனை ஒரு நாள்கூட நம் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. கூப்பிடவில்லை என்பதே எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேடம் எங்கள் கம்பெனிக்கு வந்தார். கம்பெனிகளில் ஒன்றாக வேலை செய்கிறவர்களின் மனதில் சாதி எண்ணம் குறைகிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு நிதி கிடைத்திருந்தது. எங்களைப் பெஞ்சில் ஒன்றாகப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து ஒருவர், காலனியிலிருந்து ஒருவர், நீங்கள் இருவருமே போங்கள் என்று எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஷிப்ட் இல்லாத நேரத்திலும் போக வேண்டும். அவர் செய்திருந்த வழி எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். வாயால் கேட்டால் எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால், கேள்விகளைக் கேட்டு முடித்ததும் இருவரும் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள் என்றார். எந்தப் பாத்திரத்தில் கொடுத்தார்கள், கையில் கொடுத்தார்களா, கீழே வைத்தார்களா, குடித்த பின் பாத்திரம் எங்கே போனது. இதை இருவரும் தனித்தனி ஃபாரத்தில் எழுத வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார். திருமுல்லைவாயிலில் எடுத்த சீட்டில் நம் வீடும் விழுந்தது.

கேள்வி கேட்கப்போகிறவனின் வீட்டை விட்டுவிட வேண்டும் என்று உனக்குத் தெரியும், நீ படித்தவள். மேடமும் கேட்டார், இதில் உங்கள் வீடு எதுவும் இல்லையே என்று. நான் இல்லை என்று சொன்னேன். ஏன் தெரியுமா? பயந்து அல்ல. திமிர். நம் வீட்டுக்கு என்ன குறை, நம் வீடும் இருக்கட்டும், ஒரு நல்ல வீடாவது பட்டியலில் இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் செய்த தவறுகளில் முதல் தவறு இதுதான், இதற்குப் பிறகு வந்ததெல்லாம் இதன் குட்டிகள்.

முதல் நாள் மூன்றாவது வீடாக நம் வீட்டுக்கு வந்தோம். அதற்கு முன் பார்த்த இரண்டு வீட்டிலும் எனக்கு எவர்சில்வர், சாமுவேலுக்கு அலுமினியம். நான் அதை உள்ளபடியே எழுதினேன், மனதுக்குள் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். நம் வீட்டில் சாமுவேல் கேள்வி கேட்டான், உன் அம்மா பதில் சொன்னாள், நான் என் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி பாயில் உட்கார்ந்திருந்தேன். புருஷன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவள் வேறு என்ன சொல்வாள், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். தண்ணீர் கேட்டோம். இருவருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர், அவள் அப்பா பெயர் வெட்டியது, கையிலேயே கொடுத்தாள். எனக்கு மார்பு விரிந்துபோனது. பார்த்தாயா என்று சாமுவேலைப் பார்த்தேன்.

குடித்து முடித்ததும் டம்ளர்களை உள்ளே எடுத்துப் போனாள். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்படி நேரே தெரியும் என்பது உனக்குத் தெரியும். என் டம்ளரைத் தேய்க்கிற பாத்திரத்தோடு போட்டாள். அவனுடையதை இடுக்கியால் பிடித்து அடுப்புக்குள் விட்டு, நெருப்பில் காட்டிக் காட்டித் திருப்பினாள். அப்பளம் சுடுகிற மாதிரி நிதானமாகத் திருப்பினாள். எனக்கு அவளைத் திட்டவோ எழுந்து போய்த் தடுக்கவோ தோன்றவில்லை. நான் பார்த்தது சாமுவேலின் முகத்தைத்தான். அவனும் அடுப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் குனிந்து பென்சிலால் ஃபாரத்தில் எழுதினான். என்ன எழுதினான் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பார்க்காமலேயே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து அடுத்த வீட்டுக்கு நடந்தோம். வெயில் அதிகமாக இருக்கிறது என்று அவன் சொன்னான், ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம் நம் வீட்டு ஃபாரத்தில், பாத்திரம் மற்றவற்றோடு சேர்த்துக் கழுவப்பட்டது என்று எழுதினேன். அதைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. ஊரெல்லாம் ஒரு மாதிரி, என் வீடு மட்டும் உத்தமம் என்றால், அதுவும் சாமுவேல் வேறு மாதிரி எழுதியிருக்கும்போது, யார் நம்புவார்கள்? முதல் இரண்டு ஃபாரத்தையும் கிழித்துவிட்டு மாற்றி எழுதினேன். அதன் பிறகு போன வீடுகளில் எல்லாம் என் கை தானாகவே எவர்சில்வர், எவர்சில்வர் என்று எழுதியது. அந்த வீட்டுப் பெண்களெல்லாம் எனக்கு அக்கா, அத்தை, சித்தி முறை, அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு தோட்டத்தையே மறைத்தேன். உள்ளபடி எழுத முடிந்தது ஒரே ஒரு வீட்டில்தான். பட்டாபிராமில் ரயில்வே கேட்மேனின் விதவை ஒருத்தி. சாமுவேல் குடித்து வைத்த டம்ளரிலேயே பானையிலிருந்து மொண்டு தானும் குடித்துவிட்டு, என்ன வெயில் என்று வாயைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் இருவருடைய ஃபாரக் கட்டுகளையும் மேடம் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. கல்லூரியில் அவர் அறைக்குக் கூப்பிட்டு, சாமுவேலை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. என்ன ஆயிற்று, சொல்லுங்கள் என்று கெஞ்சுவதுபோலத்தான் கேட்டார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்னது இது: "அவன் சின்ன வயசுலேர்ந்து ரொம்பப் பட்டவன் மேடம். யாரு எப்படிக் குடுத்தாலும் அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

அவர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. கம்பெனி வந்தால் சாதி போகும் என்று அவர் மனதார நம்பினார், நிதி கொடுத்தவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். என் ஃபாரங்கள் அவர் விரும்பியதைச் சொல்லின. சாமுவேலின் ஃபாரங்களை மேடம் ஒதுக்கிக் கட்டினார். அவர் பெரிய ஆராய்ச்சிக்காரர், நல்ல மனுஷி, ஆனாலும் அலுமினியத்தில் தண்ணீர் குடித்தவனை வெளியே நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை நம்பினார். நீ நாளைக்கு எத்தனை பட்டம் வாங்கினாலும் இந்த ஒன்றை மறக்காதே. நிதி கொடுக்கிறவர்கள் கேள்வியை மட்டும் கொடுப்பதில்லை, தங்களுக்குப் பிடித்த பதிலையும் கூடவே அனுப்பிவைக்கிறார்கள். அந்தப் பதில் சுலபமாகக் கிடைத்தால் அன்றைக்கு நீ தூங்கக்கூடாது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், உனக்குத் தெரிந்ததெல்லாம் இதன் பாதிதான். அந்த ஆராய்ச்சிக்கு டில்லியில் விருது கொடுத்தார்கள். கூடத்தில் மாட்டியிருக்கிறோமே, மேடம் மாலையோடு நிற்கும் படம், ஓரத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், அது அப்போது எடுத்தது. சாமுவேலைத் தன்னிடம் உதவியாளாக வைத்துக்கொண்டு மாலைக் கல்லூரியில் படிக்க வைப்பதாக மேடம் முதலில் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வந்தது. கம்பெனிச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டேன். அந்த அறையில்தான் நீ லீவு நாளில் வந்து அலமாரிப் புத்தகங்களைப் புரட்டினாய், அங்கேதான் உனக்கு இந்தப் படிப்பில் ஆசை வந்தது. சாமுவேல் லேத்துக்கே திரும்பிப் போனான். ஆவடி ரயிலில் எப்போதாவது பார்ப்பேன், தலையை ஆட்டுவான், அடுத்த பெட்டிக்குப் போய்விடுவான்.

காயம்பட்டவர்கள் எல்லா இடத்திலும் காயத்தையே காண்பார்கள் என்று மேடத்தின் புத்தகத்தில் ஒரு பகுதி வருகிறதே. பி.ஏ. பரீட்சையில் அந்தக் கேள்விதான் வந்தது, பிரமாதமாக எழுதினேன் என்று நீ ஓடிவந்து சொன்னாய். நான் உனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன். நான் ஒரு சிநேகிதனைக் காலை வாரிவிடச் சொன்ன பொய் அது. அது புத்தகமாகி, பாடமாகி, என் மகளே அதைப் படித்து மார்க் வாங்கி வந்து நிற்கிறாள். அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

இப்போது உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். பீரோவில், 'சேர்க்க வேண்டாம்' என்று எழுதி ஓரமாக வைத்திருந்த இன்னொரு ஃபாரக் கட்டையும் பிரித்துப் பார்த்ததாக எழுதியிருந்தாய். "யாருப்பா இந்த சாமுவேல்? ரெண்டு கட்டையும் வச்சு ஒவ்வொண்ணாப் பாத்தேன். மொத்தத்துல ரெண்டே வீட்டுலதான் நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்கீங்க. ஒண்ணு பட்டாபிராம்ல ஒரு வீடு. இன்னொண்ணு நம்ம வீடு. அவ்வளவு சந்தேகப்படுற மனுஷனே நம்ம அம்மாவைப் பத்தி நல்லதா எழுதியிருக்காரு. விழாவுல இதைத்தான் சொல்லப்போறேன்." இந்த இடத்தில்தான் நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். அவன் பார்த்தான், மல்லிகா. டம்ளர் நெருப்பில் திரும்புவதை அவன் கண்ணால் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, மற்றவற்றோடு சேர்த்துக் கழுவப்பட்டது என்று எழுதியிருக்கிறான். அவன் எழுதிவிட்டான் என்று பயந்துதானே நான் அத்தனை ஃபாரத்தையும் பொய்யாக்கினேன், அவனையே பொய்யனாக்கினேன். நம் வீட்டைத் தவிர அவன் எதையும் மாற்றவில்லை. இத்தனை வருஷமாக நான் அவனைப் பற்றி நினைத்ததெல்லாம் என் தலையில் வந்து விழுந்தது.

உன் அம்மாவுக்குக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். நான் ஃபாரங்களில் செய்ததையும் சொன்னேன். அப்புறம், "நெருப்புல காட்டுனது நானு. எங்க ஊட்ல அப்படித்தான் பண்ணுவாங்க, பண்ணேன். மறைச்சது நீ. ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சு எந்தலைல வெக்காத," என்றாள். இன்றைக்கு அவன் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதை மட்டும் கேட்காதே என்று எழுந்து போய்விட்டாள். நீ திரும்ப வந்து கேட்கப்போகும் கேள்வி அதுதான், அதனால் இதையும் எழுதிவைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி போய் பஸ் மாறி நசரத்பேட்டைக்குப் போனேன். சாமுவேல் சர்ச்சிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், யாருடைய டேபிள் ஃபேனையோ பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. "இன்னாபா, வழி தப்பிட்டியா?" என்றான். உன் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தான். மேடத்திடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அது வராந்தாவிலேயே கேட்டது என்றான். அந்த அறைக் கதவு சரியாகச் சாத்தாது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, அதே அறையில்தான் நான் பத்து வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நம் வீட்டை மட்டும் ஏன் அப்படி எழுதினாய் என்றுதான் கேட்டேன். "ஒரே டப்பால துண்ணவன்பா நீ," என்றான். அவ்வளவுதான். கோபமாகவும் சொல்லவில்லை, அன்பாகவும் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது கூப்பிட்டான். "அந்தக் கட்டு நெஜமாவே இன்னும் கீதா? எரிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றான். இருக்கிறது, என் மகள் கையில்தான் இருக்கிறது என்றேன். ஃபேன் இறக்கையை எடுத்துத் துடைத்தான். "அதுல எல்லாம் கண்ணால பாத்துதான் எய்தினேன். ஒண்ணு மட்டும் தப்பு. உன் பொண்ணாண்ட சொல்லி அத்தத் திருத்தச் சொல்லு."

மல்லிகா, இந்தக் கடிதத்தை உங்கள் டிபார்ட்மெண்டில் காட்டு. நிதியை அவர்கள் திருப்பிக் கேட்கலாம். மேடத்தின் விருதுக்கும் களங்கம் வரும், நீ யார் மகள் என்று கேட்பார்கள். உனக்கு இதனால் என்னென்ன போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனாலும் காட்டு. என் ஃபாரக் கட்டை ஓரமாக வை. சாமுவேலின் ஃபாரங்களிலிருந்து தொடங்கு. முதலில் பட்டாபிராம் வீட்டுக்குப் போ. கூடத்துப் படத்தை நேற்றே கழற்றிவிட்டேன், சுவரில் சதுரமாக வெள்ளை தெரிகிறது. நம் வீட்டு ஃபாரத்தை என் கையாலேயே கீழே திருத்தி எழுதுகிறேன், இதைக் கத்தரித்துச் சாமுவேலின் கட்டோடு சேர்த்துவிடு.

பாத்திரம்: இருவருக்கும் எவர்சில்வர்.
கொடுத்த விதம்: கையில்.
குடித்த பின் எங்கே போனது: ஒன்று கழுவுவதற்கு. ஒன்று நெருப்புக்கு.
பார்த்தவர்கள்: இருவர்.
இதைத் திருத்தச் சொன்னவர்: சாமுவேல்.

உன் அப்பா